வெள்ளிக்கிழமை திறந்த டின்

போன வெள்ளிக்கிழமை மாவைத் தீய்த்துவிட்டேன். எனக்குத் தெரிந்து நாற்பது வருஷமாகக் கோதுமை மாவை எண்ணெயில் வறுக்கிறேன், இருந்தாலும் தீய்ந்துவிட்டது. அடுப்பைச் சின்னதாக வைத்து, மரக்கரண்டியை ஒரு நொடிகூட நிறுத்தாமல் கிளற வேண்டும். வெள்ளை மாவு முதலில் சந்தன நிறத்துக்கு வரும். அப்புறம் பிஸ்கட் நிறம். அப்புறம் கருப்பட்டி. கருப்பட்டிக்கும் கரிக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கிறது. சரியாக அந்த மூச்சில் கிள்ளானிலிருந்து என் மகள் ஃபோன் செய்தாள். பெற்ற பிள்ளைகளுக்கு மட்டும் எப்படித்தான் அந்த நேரம் தெரிகிறதோ!

கீழ்வீட்டுப் பெண் மாடிப்படியில் நின்று கத்தினாள். "ஆன்ட்டி, என்னமோ தீயுது லா! கேஸ அடைச்சீங்களா?"

"ஒண்ணுமில்ல மேரி, கொழம்பு வெக்கிறேன்" என்றேன்.

"கொழம்புல எதுக்கு இவ்ளோ பொகை?"

நியாயமான கேள்விதான். நம் ஊர்க் குழம்பில் மாவைக் கருக்குவது கிடையாது. இது பாண்டிச்சேரிக் கிரியோல்காரர்களின் குழம்பு. பிரெஞ்சுக்காரன் பாண்டிச்சேரியில் இருந்தபோது அங்கே கலந்து பிறந்த குடும்பங்கள் அவை. வீட்டில் பேச்சு பிரெஞ்சு, நாக்கு மட்டும் நம்முடையது. கருக்கிய மாவில் வெங்காயம், பூண்டு, நிறையத் தக்காளி, பிரிஞ்சி இலை, காய்ந்த மிளகாய். அது கொதித்து வரும்போது நண்டு, இறால், மீன் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இறக்க வேண்டும். நண்டு முதலில், மீன் கடைசியில். ரசம்போல ஓடவும் கூடாது, நம் மீன் குழம்புபோல உறைக்கவும் கூடாது. என் அம்மா பத்து வயதிலிருந்து கல்யாணம் ஆகும்வரை அப்படி ஒரு வீட்டு அடுப்படியில் வேலை செய்தவள். கடல் தாண்டி மலாயாவின் கேமரன் மலைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் துரை பங்களாவுக்குச் சமையல்காரியானபோது, அவள் கொண்டுவந்த சொத்து ஒரு ஜெபமாலையும் இந்தக் குழம்பும்தான்.

ஜெபமாலையைச் சும்மா சொல்லவில்லை. எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. மாவு வறுபட எவ்வளவு நேரம் என்று கேட்டால், அம்மா "மூணு பத்து மணி" என்பாள். மணிக்கணக்கு என்று பயந்துவிடாதீர்கள். ஜெபமாலையில் பத்து மணிக்கு ஒரு பிரிவு. ஒவ்வொரு மணிக்கும் ஒரு மங்களவார்த்தை சொல்ல வேண்டும். அப்படி மூன்று பிரிவு சொல்லி முடிக்கும்போது மாவு கருப்பட்டி நிறத்துக்கு வந்திருக்கும். அவசரப்பட்டு ஜெபத்தை விழுங்கினால் மாவு வெளுத்தபடியே நின்றுவிடும். பக்தி முற்றி இழுத்துச் சொன்னால் தீய்ந்துபோகும். எனக்குப் பக்தி எப்போதும் இரண்டாவது பிரிவிலேயே தளர்ந்து, எண்ணிக்கை தவறிவிடும். ஃபோன் வராவிட்டாலும் போன வெள்ளிக்கிழமை அந்த மாவு தீய்ந்துதான் இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமைதான் அந்தக் குழம்பின் நாள். எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமை சுத்தபோசனம். இறைச்சி தொடக் கூடாது, மீன் சாப்பிடலாம். மீறினால் பாவம், அதுவும் சாதாரணப் பாவமில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லித்தான் கழுவ வேண்டும். ஜப்பான் சண்டைக்கு முன்னால் வெள்ளிக்கிழமை காலையில் மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து சீனர் ஒருவர் ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றிக்கொண்டு லோரியில் மலையேறி வருவார். பங்களாவுக்குப் போக மிஞ்சிய தலையும் வாலும் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வரும். அதை வைத்து அம்மா பண்ணும் குழம்புக்கு என் அண்ணன் சூசை மத்தியானத்திலிருந்தே அடுப்படியில் உட்கார்ந்துவிடுவான். பக்கத்து வீட்டுக் காமாட்சியக்காவுக்கு மட்டும் அந்த வாசனை பிடிக்காது. "பாண்டிச்சேரிக்கா, இன்னிக்கும் மாவத் தீய்ச்சிட்டீங்களா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார். வாராவாரம் கேட்பார். அம்மாவும் வாராவாரம் கோபித்துக்கொள்வாள்.

அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே காட்டுக் காய்ச்சலில் போய்விட்டார். வீட்டில் அம்மா, எனக்கு எட்டு வயது மூத்த சூசை அண்ணன், நான். அவ்வளவுதான் நாங்கள்.

ஜப்பான்காரன் வருகிறான் என்று தெரிந்ததும் துரையும் துரைசாணியும் ஒரே காலையில் காரில் ஏறிப் போனார்கள். போகிற போக்கில் துரைசாணி அம்மாவின் முந்தானையில் மூன்று டின்களைப் போட்டாள். வட்டமான, ஒரே அளவு டின்கள். இரண்டில் மீன் படம், ஒன்றில் ஆட்டுப் படம். அம்மா சாக்கில் சுற்றி, லயத்துக்குப் பின்னால் சௌசௌப் பந்தலின் கீழ் குழிதோண்டிப் புதைத்தாள். வெள்ளைக்காரன் பொருளை வைத்திருந்தால் தலை போய்விடும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். தானாகக் கொடுத்தாள் என்று சொன்னால் ஜப்பான்காரனுக்குத் தமிழ் புரியவா போகிறது?

மலை மண்ணின் ஈரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரே மாதத்தில் காகிதம் அழுகி டின்கள் மொட்டையாகிவிட்டன. ஆனால் அம்மாவுக்கு ஒரு வித்தை தெரியும். டின்னைக் காதோரம் வைத்து ஆட்டுவாள். மீன் என்றால் உள்ளே தண்ணீர் களக்களக்கென்று ஆடும். ஆட்டுக்கறி என்றால் இந்தக் குளிருக்குக் கொழுப்பு உறைந்து கல்லாக இருக்கும், சத்தமே வராது. முதல் பெரிய வெள்ளிக்கு அப்படித்தான் ஒன்றை ஆட்டிப் பார்த்து "மீனு" என்றாள். திறந்தால் மீன்தான். சூசை அண்ணன் அன்றிலிருந்து அம்மாவை டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தான். அப்புறம் ஒரு காட்டுப்பன்றி பந்தலடியைக் கிளறி ஒரு டின்னைக் கொண்டுபோயிற்று. மிச்சமிருந்த ஒன்று மீனா கறியா என்று ஆட்டிக்கூடப் பார்க்காமல் அம்மா அதைக் குளிக்கிற கல்லுக்கு அடியில் ஆழமாகப் புதைத்தாள். "ரொம்ப ஆத்திர அவசரத்துக்குத்தான்" என்றாள்.

எங்களுக்கு ஆத்திரம் அவசரம் இரண்டும் தினமும் இருந்தன. அரிசி இல்லை. தேயிலையை யாருக்கு விற்பது? பாதித் தோட்டத்தில் மரவள்ளி நட்டார்கள். காலையில் மரவள்ளி, மாலையில் மரவள்ளிக் கீரை. தாப்பா மீன்காரரின் லோரியை ராணுவம் எடுத்துக்கொண்டது என்று கேள்வி. அவரும் என்ன ஆனார் என்று தெரியவில்லை. மாதம் ஒருமுறை மலையேறி வந்துகொண்டிருந்த சாமியாரும் வருவதை நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை மட்டும் தவறாமல் வந்தது. தின்ன இறைச்சியே இல்லாத வீட்டில் அம்மா வாராவாரம் "இன்னிக்கு சுத்தபோசனம், ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்வாள். அண்ணன் மரவள்ளித் துண்டைத் தூக்கிக் காட்டி, "அப்ப இத எறக்கி வெச்சிடவா டாக்டரம்மா?" என்பான்.

இரண்டாவது வருஷம் நடுவில் ஒரு புதன்கிழமை. காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி ஒரு தாளை எடுத்துப் பெயர் வாசித்தார். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், கல்யாணம் ஆகாத பையன்கள், வெள்ளிக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு லோரி வரும். எங்கள் லயத்திலிருந்து இரண்டு பேர். சூசை அண்ணன் ஒருவன். மேல் லயத்து முனியாண்டி இன்னொருவன். இரண்டு பேரும் ஒன்றாகக் கவாத்து வெட்டுகிறவர்கள், ஒன்றாகத் திட்டு வாங்குகிறவர்கள். கிராணி தலை நிமிரவே இல்லை. மூணு மாசம், திரும்பி வந்துடலாம் என்று தாளைப் பார்த்தே சொன்னார்.

அம்மா அழவில்லை. பங்களா பூட்டிய பிறகு அவளுக்கும் தோட்ட வேலைதான், அன்று முழுக்கக் கொழுந்து பறித்தாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு அண்ணனைப் பார்த்து, "வெள்ளிக்கெழம உனக்குக் கொழம்பு வெக்கிறேன்" என்றாள்.

"எதுலம்மா வெப்ப? மரவள்ளி நீந்துமா?"

"அந்த டின்ன எடுத்துடலாம்."

வியாழக்கிழமை மத்தியானம் அண்ணன்தான் தோண்டினான். கையில் ஏந்திக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து, "பத்திரம், புள்ளையப் போல புடி" என்றான். நான் அதைத் தேய்த்துக் கழுவினேன். பதினொரு வயதுக்கு நான் ரொம்பப் பொறுப்பான பெண், அதாவது அப்படி எனக்கு ஒரு நினைப்பு. துரு ஏறிவிடக் கூடாதே என்று ஈர டின்னை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். அடுப்பில் மரவள்ளி வெந்துகொண்டிருந்தது. நல்ல தழல்.

அம்மா வேலை முடிந்து வந்தாள். டின்னை எடுத்தாள். கண்ணை மூடிக் காதோரம் ஆட்டினாள். களக்களக்கென்றது.

"மீனு" என்றாள்.

அண்ணன் குதித்தான். "அப்ப இப்பவே தொறந்துடலாம்மா! நாளைக்கு வரைக்கும் எதுக்கு?"

"மீனு நாளைக்குத்தான். இன்னிக்குத் தின்னுட்டு நாளைக்குக் காஞ்ச வயித்தோட போவியா?"

இதை இவ்வளவு விலாவாரியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அடுத்த நாள் நடந்ததற்கு ஜப்பான்காரன் பாதிக் காரணம் என்றால் மீதிப் பாதி நான்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணனுக்கு வேலை இல்லை. என்னைக் கூட்டிக்கொண்டு ஓடைக்குப் போனான். கல்லைப் புரட்டினால் அடியில் சின்ன மலைநண்டு இருக்கும், கட்டைவிரல் அகலம்கூட வராது. நான் கல்லைப் புரட்ட, அவன் அமுக்கிப் பிடித்தான். ஒன்று அவன் விரலைக் கவ்விக்கொண்டது. வலிக்கிறது என்று கத்திக்கொண்டே ஓடையைச் சுற்றி ஆடினான். நான் சிரித்துச் சிரித்துத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். மொத்தம் ஏழு நண்டு. வரும் வழியில் கீழ்ச் சரிவில் காய்கறித் தோட்டம் போட்டிருந்த சீனர் எங்களைக் கண்டதும் தக்காளி ஒரு கூடை கொடுத்தார். லோரி விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது. தக்காளியைக் கொடுத்துவிட்டு அண்ணன் தோளை இரண்டு தட்டுத் தட்டினார். எங்களுக்கு அவர் பேச்சுத் தெரியாது, அவருக்கு எங்கள் பேச்சு.

அம்மா ஒரு போத்தலில் இரண்டு கைப்பிடி கோதுமை மாவு ஒளித்து வைத்திருந்தாள். சண்டைக்கு முந்திய மாவு. பூச்சியைச் சலித்து எடுத்துவிட்டு, செம்பனை எண்ணெயில் போட்டு வறுத்தாள். கரண்டி ஒரு கையில், ஜெபமாலை ஒரு கையில். அன்றைக்கு அவள் ஜெபத்தை வாய்க்குள் முணுமுணுக்கவில்லை, சத்தமாகவே சொன்னாள். மூன்றாவது பிரிவின் கடைசி மணியில் மாவு சரியாகக் கருப்பட்டி நிறத்துக்கு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் காமாட்சியக்கா அன்று மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. தக்காளி கரைந்து, நண்டு சிவந்து, வீடே மணந்தது. ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் அந்த வாசனை. எனக்கு வாயில் தண்ணீர் ஊறி வலிக்கவே செய்தது.

அம்மா கத்தியால் டின்னின் தலையைக் கீறி மடக்கினாள்.

வாசனை முந்திக்கொண்டது. மீன் வாசனை இல்லை. வெள்ளைக் கொழுப்புப் பாதி உருகி மிதக்க, அடியில் பழுப்பு நிறத்தில் பெரிய பெரிய துண்டுகள்.

"கறி" என்றாள் அம்மா.

எனக்கு விஷயம் அப்போதுதான் உறைத்தது. "நாந்தான் அடுப்புக்கிட்ட வெச்சேன்" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தேன். சூட்டில் கொழுப்பு உருகித்தான் முந்தின நாள் களக்களக்கென்றிருக்கிறது. நான் மட்டும் அதைச் சும்மா வைத்திருந்தால் அம்மாவுக்கு வியாழக்கிழமையே கறி என்று தெரிந்திருக்கும். வியாழக்கிழமையே சமைத்திருப்பாள். ஒரு பாவமும் இல்லை. அண்ணன் வயிறாரத் தின்றிருப்பான்.

அண்ணன் என் தலையைக் கலைத்துவிட்டான். "பரவால்ல விடு. டின்னுக்கும் குளிரும்ல?" அப்புறம் அம்மாவிடம் திரும்பினான். "போடும்மா. கொழம்பு கொழம்புதானே."

"இன்னிக்கு வெள்ளிக்கெழமடா."

"சாமியாரு வந்து எத்தன மாசமாச்சு? அவருக்கே மறந்திருக்கும் இன்னிக்கு என்னா கெழமன்னு."

"ஆண்டவருக்குத் தெரியும்."

"அவருக்கு எம் பசியும் தெரியுமில்ல?"

அம்மா கரண்டியை ஓங்கினாள். அடிக்கவில்லை. அப்படியே கையைத் தொங்கவிட்டாள். "நீ போற எடத்துல ஒனக்கு ஒண்ணு ஆச்சின்னா பாவசங்கீர்த்தனம் கேக்க ஆளு இருக்குமாடா? இந்தப் பாவத்தோட போயி நிப்பியா? அத எங் கையால நானே ஊட்டி அனுப்பணுமா?"

மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று கிராணி சொன்னதை அம்மா ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அண்ணனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவன் அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அந்த நேரத்தில்தான் காமாட்சியக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். என் அழுகை கேட்டு வந்திருக்கிறார். அம்மா டின்னை அவர் பக்கம் நீட்டினாள். "ஆட்டுக்கறி. கெட்டுப் போறதுக்குள்ள புள்ளைங்களுக்குக் குடு காமாட்சி."

காமாட்சியக்காவுக்கு நாலு பிள்ளைகள். டின்னைப் பார்த்த பார்வையில் கண் இரண்டும் வெளியே வந்துவிடும்போல இருந்தது. கை நீண்டது. பாதியில் நின்றது. "ஐயோ, வெள்ளிக்கெழமையாச்சே பாண்டிச்சேரிக்கா! காலையிலதான மாரியம்மனுக்கு வெளக்கேத்துனேன். இன்னிக்கு நாங்க கவுச்சி தொடமாட்டோமே!"

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஊரே மரவள்ளி தின்று வயிறு வீங்கிக் கிடக்கிறது. நடுவில் ஒரு டின் ஆட்டுக்கறி, தொட ஒரு ஆளில்லை. யார் முதலில் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது, இரண்டு பேரும் சிரித்தார்கள். காமாட்சியக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா சிரித்துக்கொண்டே வந்து, சிரிப்பு முடிகிற இடத்தில் அழுதுவிட்டாள். புதன்கிழமையிலிருந்து அடக்கி வைத்த அழுகை.

அப்புறம் காமாட்சியக்காதான் வழி சொன்னார். "எங்க அடுப்பு மேல துணியில ஒரு கருவாட்டுத் தலை கட்டித் தொங்குது. ரெண்டு வருஷக் கருவாடு, இருந்தாலும் கடல்ல பொறந்ததுதான். நீங்களே போயி அவுத்துக்குங்க, நான் இன்னிக்குத் தொடமாட்டேன். அதக் கொழம்புல போடுங்க. கறிய உப்புக் காரம் போட்டுச் சுண்ட வறுத்துப் புள்ளைகிட்டக் கட்டிக் குடுத்துடுங்க. நாளைக்குச் சனிக்கெழமதான? எங்க இருந்தாலும் விடிஞ்சப்புறம் தின்னுட்டுப் போறான்."

சாமியார் வந்திருந்தால்கூட இதைவிட நல்ல தீர்ப்புச் சொல்லியிருக்க மாட்டார். கருவாட்டுத் தலை விழுந்ததும் குழம்புக்குக் கடல் வந்துவிட்டது. அண்ணன் அவித்த மரவள்ளியை அதில் முக்கி முக்கி மூன்று தட்டுச் சாப்பிட்டான். ஏழு நண்டில் ஐந்தை அவன் தட்டில் போட்டாள் அம்மா. அந்தச் சின்னக் கால்களை ஒவ்வொன்றாக உறிஞ்சினான். உள்ளே ஒன்றும் கிடையாது, சத்தம்தான். "தாப்பா மீன்காரரு மேல வந்துட்டாரு" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டான்.

வறுத்த கறியை அம்மா ஒரு சின்னத் தூக்குச்சட்டியில் போட்டு மூடி, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டினாள். ஒன்பது முடிச்சு, நான் எண்ணினேன். "விடிஞ்சப்புறம்தான் தொறக்கணும். எந் தலமேல கைய வெச்சுச் சத்தியம் பண்ணு" என்றாள். அவன் வைத்தான். லோரி வந்தது. முனியாண்டிக்குப் பக்கத்தில் ஏறி நின்றான். தூக்குச்சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வளைவு திரும்பும்வரை எங்களைப் பார்த்து முகத்தைக் கோணிக்கொண்டே போனான். அதுதான் நான் அவனைக் கடைசியாகப் பார்த்தது.

சண்டை முடிந்து ரொம்ப நாள் கழித்து முனியாண்டி மட்டும் வந்தான். பல் பாதி இல்லை, காலில் ஆறாத புண். அண்ணன் பேதியில் போனதை எங்கள் வாசலில் நின்று சொன்னான். எங்கே புதைத்தார்கள் என்று அம்மா கேட்கவில்லை, எந்த மாதம் என்று கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"விடிஞ்சப்புறம்தானே தொறந்தான்?"

முனியாண்டி கொஞ்சம் யோசித்தான். "ஆமாங்கம்மா. விடிஞ்சுதான்."

அம்மா கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்தப் பதில்தான் அவளை அதற்கப்புறம் இருபது வருஷம் நடமாட வைத்தது. பிள்ளை பாவமில்லாமல் போனான். வெள்ளிக்கிழமைதோறும் அவள் அந்தக் குழம்பை வைத்தாள். மீன் லோரி மறுபடி வந்தது, வேறு மீன்காரர். அண்ணனுக்கென்று ஒரு நண்டு தனியாக வைப்பாள். கடைசியில் அதை எனக்குத்தான் கொடுப்பாள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாக வந்த இளம் சாமியார் பிரசங்கத்தின் நடுவில் சாதாரணமாகச் சொன்னார். இனிமேல் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி சாப்பிடலாம், அதற்குப் பதில் வேறு ஒரு நற்செயல் செய்தால் போதும். கோயிலில் நிறையப் பேருக்குச் சந்தோஷம். எனக்கும்தான், பொய் சொல்வானேன். வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா தேயிலைச் சரிவு நடுவில் நின்றுவிட்டாள்.

"அப்ப அன்னிக்கே போட்டிருக்கலாமேடி" என்றாள்.

நான் என்னென்னவோ சொன்னேன். அன்றைக்கு அது பாவம், இன்றைக்குத்தான் இல்லை என்றேன். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் இல்லையா, விளக்கம் சொல்ல நன்றாக வரும். அம்மா கேட்டுக்கொண்டாள். அவளுக்கு அது போதவில்லை. "சுடச்சுடத் தின்னிருப்பான். மறுநாளு ஆறிப் போயில்ல தின்னிருப்பான்" என்றாள். அந்த வாரத்திலிருந்து அவள் அந்தக் குழம்பை வைக்கவே இல்லை. சாகும்வரை மாவை வறுக்கவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கத் தைரியம் வரவில்லை.

அம்மாவை அடக்கம் செய்த அன்று முனியாண்டி பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து வந்திருந்தார். காய்கறி லோரியில் சுமை ஏற்றும் வேலை அவருக்கு அப்போது. எல்லோரும் கலைந்த பிறகு கல்லறைப் பக்கத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, அம்மா இருக்குற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு அவன்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன். எறங்குற வழியில அருவிகிட்ட லோரி நின்னிச்சு, எஞ்சினுக்குத் தண்ணி ஊத்த. ஒரு மணி நேரங்கூட ஆயிருக்காது. பொழுது இன்னும் சாயவே இல்ல. முடிச்ச அவுக்கப் பாத்தான், முடியல. பல்லால கடிச்சு அறுத்துட்டான். சட்டி இன்னும் சூடா இருந்திச்சு. எனக்குப் பாதி குடுத்தான். 'அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க, பாவம், நல்ல மனசு, அவங்ககிட்ட மட்டும் சொல்லிப்புடாத'ன்னு வாய் நெறையக் கறியோட சிரிச்சான்."

நான் கல்லறைத் தோட்டம் என்றும் பாராமல் சிரித்தேன். அண்ணனேதான்! ஒரு மணி நேரம்கூடத் தாங்காதவன்தான் அவன். பிறகு உட்கார்ந்து அழுதேன். புது மண் என் காலடியில்தான் இருந்தது. அவன் சுடச்சுடத் தின்றான் என்ற ஒரு செய்தி ஒரு வாரம் முந்தி வந்திருந்தால் போதும். முனியாண்டியைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அவர் அந்த வாக்கைக் காப்பாற்றியதால்தான் அம்மாவுக்கு முதல் இருபது வருஷம் நிம்மதி கிடைத்தது. அதே வாக்குத்தான் மிச்ச வருஷங்களின் நிம்மதியைப் பறித்தது.

அதற்கப்புறம்தான் நான் இந்தக் குழம்பை வைக்க ஆரம்பித்தேன். இன்றைக்குப் பிரிஞ்சாங் கடைத்தெருவில் உறைந்த இறால் எந்த நாளும் கிடைக்கிறது. எங்கள் லயம் இருந்த சரிவில் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே ஸ்ட்ராபெரி. ஓடை சேற்று நிறத்தில் ஓடுகிறது, கல்லைப் புரட்டினால் கல்தான் இருக்கிறது. அருவிப் பக்கம் வண்டிகளை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், நானும் ஒருமுறை எடுத்துக்கொண்டேன், ஏன் சிரிக்கிறேன் என்று மகளுக்குப் புரியவில்லை. போன வெள்ளிக்கிழமை தீய்ந்த மாவைக் கொட்டிவிட்டு, ஃபோனை அணைத்து வைத்துவிட்டு, மறுபடி ஜெபமாலையை எடுத்து மூன்று பிரிவும் ஒழுங்காகச் சொன்னேன். கருப்பட்டி நிறம் வந்தது. தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்த பிறகு, எதிர் நாற்காலியைப் பார்த்து, "அவன் அருவிகிட்டயே தின்னுட்டாம்மா, சூடாத்தான் தின்னான்" என்று சத்தமாகச் சொன்னேன். வாராவாரம் சொல்கிறேன். கேட்க வேண்டியவள்தான் இல்லை.